நாய்க்குப் பச்சைக் கறி உணவு: சோற்றிலிருந்தும் பாக்கெட் உணவிலிருந்தும் மாற்றுவதற்கான முழு வழிகாட்டி

எலும்பில்லாத கோழிக்கறி அரைக் கிலோ வாங்கி வந்து தினமும் தட்டில் வைத்தால் எந்த நாயும் ஆசையாகச் சாப்பிடும். முடி மினுமினுக்கும், மலம் குறையும், சில மாதங்களுக்கு எந்தக் குறையும் கண்ணில் படாது. ஆனால் 100 கிராம் கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்க, கால்சியம் 10 மில்லிகிராம்தான் இருக்கிறது. நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ கால்சியம். குறைகிற கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும், ஏனென்றால் ரத்தத்தில் அளவு குறையாமல் இருக்கத்தான் எலும்பு கரைகிறது. குட்டிகளில் இது சில வாரங்களிலேயே கால் வளைவாகவும் எலும்பு முறிவாகவும் வெளிப்படும். வளர்ந்த நாயில் மெதுவாக நடக்கும்.

பச்சை உணவில் கிருமி ஒரு ஆபத்து, கணக்குத் தப்புவது இன்னொரு ஆபத்து. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதில்தான் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. இந்த வழிகாட்டி இரண்டையும் பார்க்கிறது. நம் ஊர்க் கறிக்கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்து, 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம். உங்கள் நாயின் எடைக்கு ஏற்ப விகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன்: உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் இருந்தே நாய்க்கும் பூனைக்கும் பச்சை இறைச்சி வேண்டாம் என்றுதான் சொல்லிவருகிறது. காரணம் நாயைவிட மனிதர்கள். சால்மோனெல்லா கிருமியை நாய் நோயில்லாமலே சுமந்து, மலத்திலும் எச்சிலிலும் வெளியேற்றும். அதனால் வீட்டில் 5 வயதுக்குக் குறைந்த குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ, தளர்ந்த முதியவரோ இருந்தால் பச்சையாகக் கொடுக்காதீர்கள். இதே பட்டியலை எலும்பை மட்டும் நீக்கிவிட்டு வேகவைத்துக் கொடுக்கலாம். எலும்புக்குப் பதில் முட்டையோட்டுத் தூள் போதும். அதன் அளவைக் கீழே சொல்லியிருக்கிறோம். பச்சை உணவின் பலன்களாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, நல்ல கறியைச் சரியான விகிதத்தில் வேகவைத்துக் கொடுத்தாலும் கிடைக்கும் என்பதே எங்கள் கருத்து.

நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், கணைய அழற்சி வந்த நாய், சிறுநீரக அல்லது கல்லீரல் நோயுள்ள நாய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் நாய் ஆகியவற்றுக்கு இது கூடாது. ஒரு வயது நிரம்பாத குட்டிக்கு, அதுவும் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிக்கு, கையால் கணக்குப் போட்டுக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றுக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் மூட்டும் எலும்பும் கோணலாக வளரும்.

இன்னொரு பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நாய் ஓநாயின் வாரிசு, அதனால் சோறே ஆகாது என்பார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள் இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதை 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாய் சோறு செரிக்கப் பழகிவிட்டது. சோறு விஷமல்ல. தயிர்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பதில்தான் குறை இருக்கிறது, புரதமும் துத்தநாகமும் போதாமல் போகும்.

மருத்துவரிடம் முதல் வேலை

மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். எடை, மலப் பரிசோதனை, சிறுநீரகம் மற்றும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, குடற்புழு நீக்கம் ஆகியவை ஆகவேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரி மருத்துவமனைகளிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம். பச்சை உணவு கொடுக்கப்போவதை மறைக்காமல் சொல்லுங்கள். கறி அதிகம் தின்னும் நாய்க்கு ரத்த யூரியா சற்றுக் கூடுதலாகவே காட்டும். இது தெரியாத மருத்துவர் சிறுநீரகக் கோளாறோ என்று சந்தேகப்படலாம். இப்போதே ஒரு அளவு எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட வசதி.

எவ்வளவு கொடுப்பது

வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது பொதுக்கணக்கு. 20 கிலோ நாய்க்கு 2.5 சதவீதம் என்றால் நாளைக்கு 500 கிராம், காலையும் மாலையும் 250 கிராம்.

இந்தக் கணக்கு நம் ஊரில் ஒரு இடத்தில் உதைக்கும். இங்கே கோழிக்கடையில் தோலை உரித்துத்தான் கொடுக்கிறார்கள். தோலோடு கொழுப்பும் போய்விடுகிறது. அதனால் கலோரியைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கைபேசிக் கால்குலேட்டர் போதும்: எடையை மூன்று முறை பெருக்குங்கள் (20 × 20 × 20 = 8000), வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை தட்டுங்கள் (9.46), 70ஆல் பெருக்குங்கள். வருவது 662 கலோரி. நாய் சும்மா படுத்திருந்தாலும் செலவாகும் அளவு இது. கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு இதை 1.4ஆலும், நன்றாக ஓடியாடும் நாய்க்கு 1.6ஆலும் பெருக்கினால் முறையே 930, 1060 கலோரி வரும். கொழுப்பு குறைந்த கலவை 100 கிராமுக்கு 150 கலோரிதான் தரும். அப்படியானால் 500 கிராமில் கிடைப்பது 750. ஓடியாடும் நாய் இதில் இளைத்துத்தான் போகும்.

ஆகவே 2.5 சதவீதத்தில் தொடங்குங்கள், வாரம் ஒரு முறை எடை பாருங்கள், குறைந்தால் பத்து சதவீதம் கூட்டுங்கள். கோழித் தோலைக் கேட்டு வாங்கிக் கொஞ்சமாகச் சேர்ப்பதும் ஒரு வழி. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட இனங்களுக்கும் சுறுசுறுப்பான இராஜபாளையத்துக்கும் 3 முதல் 4 சதவீதம் வரை தேவைப்படும். இந்த இனங்களுக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு, இடுப்பெலும்பு துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும். வயதான, மந்தமான லேப்ரடாருக்கு 2 சதவீதமே அதிகமாக இருக்கலாம்.

தட்டில் என்னென்ன இருக்க வேண்டும்

சதைக்கறி 70 சதவீதம், தின்னக்கூடிய எலும்பு 10, ஈரல் 5, ஈரல் அல்லாத சுரக்கும் உறுப்பு 5, காய்கறி 10. இதுதான் அடிப்படை விகிதம். இதயமும் கோழியின் இரைப்பையும் சதைக் கணக்கில் சேரும், உறுப்புக் கணக்கில் அல்ல. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நுரையீரலும் உறுப்புப் பங்கை நிரப்பாது. அந்த 5 சதவீதத்துக்கு ஆட்டு மண்ணீரல், அதாவது சுவரொட்டி, அல்லது சிறுநீரகம் வேண்டும்.

எலும்பு 10 சதவீதம் என்றால் எலும்புள்ள கறி 10 சதவீதம் என்று பொருளல்ல. தோல் நீக்கிய கோழிக் கழுத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு எலும்பு. கோழிக் காலில் (பாதத்தில்) 60 சதவீதம். முதுகுக்கூட்டில் 44. இறக்கையில் 46. தொடையும் காலும் சேர்ந்த துண்டில் 30. இந்த எண்களை வைத்துக்கொண்டு, 20 கிலோ நாயின் ஒரு வாரத்துக்கான 3.5 கிலோவை இப்படிப் பிரிக்கலாம்:

- தோல் நீக்கிய கோழிக் கழுத்து: 300 கிராம்
- கோழிக் கால்: 200 கிராம்
- எலும்பில்லாத கோழித் தொடைக்கறி: 900 கிராம்
- மாட்டுக்கறி அல்லது ஆட்டுக்கறி: 700 கிராம்
- இதயம், கோழி இரைப்பை: 400 கிராம்
- மத்தி அல்லது அயிலை, வேகவைத்தது: 300 கிராம்
- ஈரல்: 175 கிராம்
- மண்ணீரல் அல்லது சிறுநீரகம்: 175 கிராம்
- வேகவைத்து மசித்த காய்கறி: 350 கிராம்

கழுத்திலும் காலிலும் சேர்த்து 345 கிராம் எலும்பு கிடைக்கிறது, அதாவது வார உணவில் பத்து சதவீதம்.

மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ எதற்கு, கோழியே போதாதா என்று கேட்பார்கள். போதாது. 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 19 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். கோழிக்கறி 500 கிராமில் 8 மில்லிகிராம் கூடத் தேறுவது கடினம். மாட்டிலும் ஆட்டிலும் அதே எடைக்கு இரண்டு மூன்று மடங்கு இருக்கிறது. துத்தநாகம் குறைந்தால் மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தோல் தடித்துப் பொருக்கு கட்டும், பாதம் வெடிக்கும். வீட்டில் மாட்டுக்கறி வாங்குவதில்லை, ஆட்டுக்கறி கட்டுப்படியாகாது என்றால் ஆட்டின் தலைக்கறி, நாக்கு, இதயம் ஆகியவற்றைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் மருத்துவரிடம் கேட்டுத் துத்தநாகத்தை மாத்திரையாகக் கொடுங்கள்.

ஈரல் விஷயத்தில் கை நீளக்கூடாது. நம் வீடுகளில் நாய்க்கு நல்லது செய்வதாக நினைத்துத் தினமும் கைநிறைய ஈரல் போடும் வழக்கம் இருக்கிறது. கோழி ஈரல் 100 கிராமில் வைட்டமின் ஏ 11,000 யூனிட், ஆட்டு ஈரலில் அதைப்போல இரு மடங்குக்கு மேல். மேலே சொன்ன கணக்கில் நாளைக்கு 25 கிராம்தான் வருகிறது. தினமும் 200 கிராம் ஆட்டு ஈரல் என்று மாதக்கணக்கில் போனால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி, கழுத்தெலும்புகள் இறுகிப்போய் நாயால் தலையைத் திருப்ப முடியாத நிலை கூட வரலாம்.

மீனை மட்டும் வேகவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழந்துவிடும். எந்த மீனில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஆராய்வதைவிட ஐந்து நிமிடம் ஆவியில் வைப்பது எளிது. வெந்த முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு மிக அதிகம்.

காய்கறியில் மஞ்சள் பூசணி, கேரட், பீன்ஸ், கொஞ்சம் முருங்கைக்கீரை சரியாக இருக்கும். வேகவைத்து மசிக்காவிட்டால் போனபடியே மலத்தில் வந்துவிடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை எந்த வடிவிலும் கூடாது. வெங்காயத்தோடு வதக்கிய ஈரல் மிச்சத்தைக் கொடுப்பதும் இதில் அடக்கம்.

இவ்வளவு செய்தாலும் வைட்டமின் ஈ, வைட்டமின் டி, அயோடின், மாங்கனீஸ் ஆகியவை வீட்டுக் கலவையில் குறையத்தான் செய்கின்றன. வைட்டமின் ஈ, எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 1 முதல் 2 யூனிட் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. மற்றவற்றுக்கு உங்கள் வாரப் பட்டியலை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, அதற்கேற்ற சத்துக்கலவையை எழுதி வாங்குங்கள். மனிதருக்கான பல்சத்து மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். சிலவற்றில் நாய்க்கு ஆகாத சைலிட்டால் இனிப்பு இருக்கிறது.

எந்த எலும்பு, எப்படி

பச்சைக் கோழி எலும்பு வளையும், நொறுங்கும். வெந்த எலும்பு கத்திபோல் பிளக்கும். ஆகவே எலும்பு பச்சையாக மட்டுமே. ஆறு வாரத்தில் வெட்டப்படும் பிராய்லர் கோழியின் எலும்பு மென்மையானது, தொடங்குவதற்கு அதுவே ஏற்றது. நாட்டுக்கோழி, குறிப்பாக முற்றிய முட்டைக்கோழி, எலும்பு கடினம். ஆட்டு நல்லி எலும்பும் மாட்டுக் கால் எலும்பும் உணவுக்கானவை அல்ல. அவற்றைக் கடித்துத்தான் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பட்டையாக உடைகிறது. உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றும் பதியாத எலும்பை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் கழுத்தைப் பொடிப்பொடியாக வெட்டித் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வாய்க்குள் அடங்கும் துண்டை நாய் மெல்லாமல் விழுங்கிவிடும், தொண்டையில் சிக்குவது பெரும்பாலும் அப்படித்தான். முழுக் கழுத்தாகக் கொடுத்து, முதல் சில நாட்கள் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பல்லால் நொறுக்கும் சத்தம் கேட்க வேண்டும். அவசரமாக விழுங்கும் நாய், பல் போன நாய், 5 கிலோவுக்குக் குறைந்த சிறிய நாய் ஆகியவற்றுக்கு எலும்போடு அரைத்த கைமாதான் சரி. நாய் எலும்பு தின்னும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், இன்னொரு நாய் இருக்கக்கூடாது.

ஆட்டின் தொண்டைப் பகுதியை, மூச்சுக்குழாயோடு வரும் சதையை, அடிக்கடி கொடுக்காதீர்கள். அதில் தைராய்டு சுரப்பி ஒட்டியிருக்கும். தொடர்ந்து தின்னும் நாய்க்குத் தைராய்டு அளவு ஏறி, இளைப்பும் படபடப்பும் வரும்.

எலும்பே கொடுக்க விருப்பமில்லை என்றால் முட்டையோட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரையுங்கள். எலும்பில்லாத கறி கிலோவுக்கு 5 முதல் 6 கிராம், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூனும் சற்றுக் கூடவும். நறநறவென்று இருந்தால் இன்னொரு முறை அரையுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

கோழிக்கடையில் ஓரமாக ஒரு தொட்டி இருக்கும். குடலும் தோலும் சிறகும் கலந்து, ஈ மொய்க்க, ‘நாய்க்குத்தானே’ என்று சொற்ப விலைக்குத் தருவார்கள். அதில் குடலின் கழிவு முழுக்கக் கலந்திருக்கிறது. அதை வாங்காதீர்கள். மனிதர் சாப்பிட வாங்கும் அதே தரத்தில், காலையில் உங்கள் கண்முன் வெட்டியதை வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து நேரே வீட்டுக்கு வாருங்கள்.

ஆட்டு ஈரலையும் நுரையீரலையும் வாங்கும்போது கைவிரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக, நீர் நிரம்பிய முட்டைபோல் கொப்புளம் இருந்தால் அது நாடாப்புழுவின் நீர்க்கட்டியாக இருக்கலாம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, மனிதரின் கல்லீரலிலும் நுரையீரலிலும் அதே கட்டியை உண்டாக்கும். இந்தியாவில் இது கற்பனைப் பயமல்ல, அறுவைச் சிகிச்சை மேசைக்கு வரும் நோய். கட்டி இருக்கும் உறுப்பைக் கடையிலேயே மறுத்துவிடுங்கள். வீட்டில் வெட்டும்போது தெரிந்தால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆழப் புதையுங்கள். தெருநாய்க்கு வீசினால் புழு தெரு முழுக்கப் பரவும்.

கறி, உறுப்பு எல்லாவற்றையும் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் உறையவைத்த பிறகே பயன்படுத்துங்கள். புழுக்கட்டிகளும் டாக்ஸோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகளும் இதில் பெரும்பாலும் அழியும். பாக்டீரியா சாகாது, தூங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல் பெட்டி பெரும்பாலும் இந்தக் குளிருக்கு வருவதில்லை. ஃபிரிட்ஜுக்கான வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே வைத்துப் பார்த்துவிடுங்கள். வராவிட்டால் தனி உறைபெட்டி வேண்டும், இல்லையேல் உறுப்புகளை வேகவைத்துக் கொடுங்கள். பன்றிக்கறியை உறையவைத்தாலும் பச்சையாகக் கொடுக்க வேண்டாம்.

ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக, தட்டையாக அழுத்திக் கட்டி, தேதி எழுதி அடுக்குங்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் உருகியிருக்கும். சமையல் மேடையில் வைத்து உருக்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் வெளிப்பக்கம் உருகிக் கிருமி பெருகிய பிறகுதான் உள்ளே இளகும். மின்வெட்டு அடிக்கடி இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். ஊரிலிருந்து திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே இருந்ததெல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அத்தனையையும் அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

கோழியைக் குழாயடியில் அலசாதீர்கள், தெறிக்கும் துளிகள் மேடை முழுக்கக் கிருமியைப் பரப்பும். நாய்க்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, எவர்சில்வர் தட்டு. கழுவ எளிதான தரையில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். 20 நிமிடத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள், எறும்பும் காக்கையும் மீதியை வீடெங்கும் கொண்டுபோகும். கையை சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு நாய் குழந்தைகளின் முகத்தை நக்க விடாதீர்கள்.

பறவைக் காய்ச்சல் செய்தி உங்கள் வட்டாரத்தில் வந்தால் அன்றிலிருந்து கோழியை வேகவைத்தே கொடுங்கள். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றில் இறந்தன. அவை தின்ற கோழிக்கறியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. நாய்க்குப் பூனை இனம் அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும் துணிந்து பார்க்கத் தேவையில்லை.

மாற்றும் வாரங்கள்

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு கறிதான், அதுவும் கோழி. பலவற்றைக் கலந்தால் வயிறு கெடும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

1 முதல் 3ஆம் நாள் வரை, பழைய உணவு முக்கால் பங்கு, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி கால் பங்கு. 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 125 கிராம், இரு வேளையாக. இதுவரை சோறு மட்டுமே தின்ற நாயாக இருந்தால் இந்த மூன்று நாட்களும் கறியை அரை வேக்காட்டில் கொடுங்கள். கறியும் பாக்கெட் உணவும் ஒரே வேளையில் சேரக்கூடாது, செரிக்கும் நேரம் வேறு என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. சேர்த்தே கொடுக்கலாம்.

4 முதல் 7 வரை பாதிப் பாதி. ஐந்தாம் நாள் முதல் கழுத்து ஒன்றைச் சேருங்கள், காலை வேளையில் மட்டும். இரவில் எலும்பு தின்றால் விடிகாலையில் மஞ்சள் நுரையோடு எலும்புத் துணுக்கை வாந்தி எடுப்பது புதிய நாய்களில் சகஜம்.

8 முதல் 10 வரை முக்கால் பங்கு கறி. 11 முதல் 14க்குள் பழைய உணவை முழுவதுமாக நிறுத்திவிடலாம். இந்தக் கட்டத்தில் எலும்பு 12 முதல் 15 சதவீதம் வரை இருக்கட்டும், மலம் இறுகி நிற்க உதவும். பிறகு 10க்குக் குறையுங்கள். மலம் மூன்று நாள் தொடர்ந்து உருண்டையாக, எளிதில் அள்ளும்படி இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போங்கள். இல்லையென்றால் அதே படியிலேயே நில்லுங்கள். இதற்கு ஒரு மாதம் ஆனாலும் நட்டமில்லை.

மூன்றாம் வாரம் ஈரல். முதல் நாள் 5 கிராம், சுண்டுவிரல் நுனி அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டி 25 கிராமுக்கு வாருங்கள். ஈரலை முதல் நாளே முழு அளவில் போடுவதுதான் மாற்றம் பாதியில் நின்றுபோக மிகப் பெரிய காரணம். கறுத்து, தார் போல் இளகிய மலம் போகும், பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். நான்காம் வாரம் மாட்டுக்கறியோ ஆட்டுக்கறியோ. ஐந்தாம் வாரம் சுவரொட்டி, சிறுநீரகம். சுவரொட்டியும் மலத்தைக் கறுப்பாக்கும், இரும்புச்சத்து அவ்வளவு. ஆறாம் வாரம் மீனும் காய்கறியும். முழுப் பட்டியலும் எட்டு வாரத்தில் நிலைபெற்றால் போதும். வளர்ந்த நாய்க்கு ஒவ்வொரு வேளையும் நிறைவாக இருக்க வேண்டியதில்லை, வாரக் கணக்கு சரியாக வந்தால் சரி.

கறியில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் நாய் முன்பைவிடக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும். அது இயல்பு.

மலத்தைப் பார்த்துத் திருத்துவது

வெளுத்து, சுண்ணாம்பு போல் உதிர்ந்து, முக்கி முக்கிப் போனால் எலும்பு அதிகம். இரண்டு நாள் எலும்பை நிறுத்தி, மசித்த பூசணி இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். இரண்டு நாள் கழித்தும் மலமே வரவில்லை, அல்லது முக்கும்போது கத்துகிறது என்றால் மருத்துவமனைதான். இளகிப் போனால் எலும்பு குறைவு, அல்லது ஈரல் அதிகம், அல்லது கொழுப்பு திடீரென்று ஏறிவிட்டது. ஒரு படி பின்னால் போய், தோலில்லாத கோழியை வேகவைத்துப் பூசணியோடு இரண்டு நாள் கொடுங்கள். மேலே சளி படர்ந்த மலம் ஓரிரு முறை வரலாம், தொடர்ந்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கும் அரிப்பும் தொடர்ந்தால் ‘உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்வார்கள். அப்படி ஒன்று கிடையாது. மூன்று வாரத்துக்கு மேல் அரிப்பு இருந்தால் கோழியே ஒவ்வாமல் இருக்கலாம். கோழியை முற்றிலும் விலக்கி எட்டு வாரம் வேறு ஒரே கறியில் வைத்துப் பார்க்க வேண்டும், முட்டையும் சேராமல்.

காத்திருக்கக் கூடாதவை: திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு சோர்வு, வாயை முன்காலால் தேய்த்து எச்சில் ஒழுக்குவது, முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வயிற்றைத் தொட விடாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது கணைய அழற்சியின் அடையாளம், கொழுப்பு மிகுந்த ஒரு வேளைக்குப் பிறகு வரும். எலும்பு சிக்கியது என்று தோன்றினால் வாழைப்பழம், சோற்று உருண்டை என்று திணிக்காமல் உடனே எக்ஸ்ரே எடுங்கள்.

தொடர்ந்து செய்ய வேண்டியவை

முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை எடை, பிறகு மாதம் ஒருமுறை. மூன்றாம் மாதம் மறுபடி ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. குடற்புழு மருந்தில் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று பாருங்கள், நாடாப்புழுவுக்கு அதுதான் மருந்து. ஆட்டு உறுப்புகளைப் பச்சையாகத் தின்னும் நாய்க்கு மூன்று மாத இடைவெளி போதாது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கவும் மருத்துவர் சொல்லக்கூடும்.

வாரத்தில் ஒரு வேளையாவது, அதே கறியை எலும்பில்லாமல் வேகவைத்து, கொஞ்சம் சோறும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கி வையுங்கள். நீங்கள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்பவர் பச்சைக் கறியைக் கையாளத் தயங்குவார். நாய் விடுதிகள் பலவற்றில் அதற்கு இடமே தரமாட்டார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் சில நாள் வேகவைத்ததுதான் கொடுக்கச் சொல்வார்கள். பழகிய வயிறு அன்றைக்கு உபத்திரவம் செய்யாது.